பன்னிரண்டாவது கட்டம்

எப்போதாவது கைது, வழக்கு, அபராதம்?
ஆம் / இல்லை.
பொருந்தாததை அடிக்கவும்.

அடிப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு.

பத்தொன்பது வயதில்
காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலை வாசலில்
வாட்ச்மேன் பச்சையப்பனை
லாரி ஜாக்கிக் கம்பியால் அடித்தேன்.
குடித்திருந்தேன். அது காரணமில்லை.
கேட்டை உடனே திறக்கவில்லை, அவ்வளவுதான்.

ஸ்டேஷனில் சமாதானம்.
ஒரு வெள்ளைத்தாள், நாலு கையெழுத்து,
அக்காவின் சீட்டுப்பணம் எட்டாயிரம்.
வழக்கு எண் கிடையாது.

"அப்புறமென்ன, இல்லைன்னு போடு" என்கிறான் மச்சான்.
"ராக்கெட் செய்யற எடத்துல
பச்சையப்பனை யாருக்குத் தெரியும்?"

படிவத்தின் அடியில் பொடி எழுத்தில்:
மறைத்தால் தகுதி இழப்பு.
செய்திருந்தால் என்ன ஆகும் என்று
அது சொல்லவே இல்லை.

'ஆம்' போட்டுத் தனித்தாள் இணைத்தேன்.
எழுத எழுத
கம்பி 'பொருள்' ஆனது,
அடி 'கைகலப்பு' ஆனது.
கிழித்தேன்.
மறுபடி எழுதினேன்: கம்பி.

ஆடி பதினெட்டுக்கு மறுநாள்
தனிப்பிரிவு ஏட்டு வந்தார்.
எங்கள் வீட்டில் மோர் குடித்துவிட்டு
நேரே பச்சையப்பன் வீட்டுக்கு நடந்தார்.
வேலிக்கு இந்தப் பக்கம் நான்.

"தீர்த்தகிரி மகன் நடத்தை எப்படி?"

பச்சையப்பன் தலையைத் திருப்பி
வலது காதைக் கொடுத்தார்.
"சத்தமா கேளுங்க சார்.
அந்தப் பக்கம் கேக்காது."

பதினோரு வருஷம் ஒரே தெரு.
இது எனக்குத் தெரியாது.
என் தனித்தாளிலும் இல்லை.

ஏட்டு சத்தமாகக் கேட்டார்.
தெருவே கேட்டது.

பதிலை மட்டும்
அவர் ஏட்டின் காதோரம் குனிந்து சொன்னார்.

ஏட்டு எழுதினார்.
ரொம்ப நேரம் எழுதினார்.