ஏழு நாள் விடுப்பு

பீடோர் டோலில் இறங்கியதும் மழை.
அத்தை வீட்டில் சிராப்,
சித்தப்பா வீட்டில் சிராப்,
ஜொகூர்ச் சம்பந்தி வந்திருந்ததால்
மாமா வீட்டில் மட்டும் ஆரஞ்சு.

"கல்யாணம் எப்போ?" எட்டு வீட்டிலும்.
"மெலிஞ்சிட்டே" ஐந்தில்,
"பெருத்துட்டே" மூன்றில்.

செவ்வாயா புதனா,
ஈப்போவுக்கு ஓர் ஓட்டம்,
பெரியம்மாவின் கண்ணாடிக்கு.
கார் பூட்டில் பாதிப் பலா.
யார் கொடுத்ததென்று மறந்து
யாருக்கோ கொடுத்தேன்,
ஒருவேளை அவர்களுக்கே.

கடைசி இரவு
செம்பனை லோரியை ஓரங்கட்டிவிட்டு
மாமாக் கடைக்கு வந்தான் யுவனேசன்.
சட்டையில் குலை வாசம்.
தே தாரே ரெண்டு.
அவன் எதுவும் கேட்கவில்லை.
ஆறும்வரை உட்கார்ந்திருந்தோம்.

"மில்லுல வரிசை நிக்குது" என்று எழுந்தவன்
என் கிளாசில் இருந்த மீதியையும்
குடித்துவிட்டுப் போனான்.