புதிய

கம்பாலாவிலிருந்து பணம் தனியே வருவதில்லை.
காவலுக்கு ஒரு கடிதமும் கூட வரும்.
இம்முறை பதினோரு பக்கம்.
நான்காம் பக்கத்தில் ஒரு சொல் மட்டும் தடித்த எழுத்தில்:
‘புதிய.’

புதிய ஆழ்துளைக் கிணறு, ஒன்று.
மூன்று கோடியே எண்பது லட்சம் ஷில்லிங்.
பழையதைத் தொட ஒரு ஷில்லிங் கிடையாது.

எண்டிரியின் கைப்பம்பு பிப்ரவரியில் நின்றது.
அலியோனி பிரித்துப் பார்த்தான்,
உள்ளங்கையில் ஏந்தி வந்து காட்டினான்:
தேய்ந்துபோன ரப்பர் வளையம்,
பிஸ்கட் அளவுதான் இருக்கும்.
விலை பதினெட்டாயிரம்.
எழுதிக் கேட்டேன்.
மிக மரியாதையாகப் பதில் வந்தது:
அந்தத் தலைப்பில் நிதி இல்லை.

சாமி கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள்.
இந்த மாவட்டத்தில் பூசாரி நான்.
சாமிதான் உண்டியலைப் பூட்டி
சாவியில் நிபந்தனை எழுதி அனுப்புகிறது.

நீர்க் குழுவின் பொருளாளர் அயிக்கோரு வந்தாள்.
மஞ்சள் ஜெர்ரிகேனை
என் பேரேட்டின் மேலேயே வைத்தாள்.
காலி.
ஒன்றும் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டும் போகவில்லை.

ஜூன் முப்பது நள்ளிரவில்
செலவாகாத பணம் வந்த வழியே திரும்பிவிடும்.
அதனால் பத்தொன்பதாம் தேதியே இயந்திரம் வந்தது.
பழைய பம்பிலிருந்து நாற்பது அடி தள்ளி
தொண்ணூறு மீட்டர் தோண்டினார்கள்.
செம்மண். வெள்ளைக் கல். பிறகு
சூடான புழுதி, புழுதி, இருமல்.
இருந்தாலும் பம்பை நட்டார்கள்,
ஒப்பந்தத்தில் பம்பு இருந்ததே!
நீலச் சாயம், கல்வெட்டு, ஆண்டு, யார் தயவு என்ற விவரம்.

அன்றிரவு என்ன நடந்தது என்று
எனக்கு யாரும் எழுத்துமூலம் தெரிவிக்கவில்லை.
விடிகாலையில் பழைய பம்பு
செருமிச் செருமித் தண்ணீர் துப்பியது.
அலியோனியின் நகக்கண்ணில் கிரீஸ்.
நீலப் பம்பின் கைப்பிடி
குழந்தைகள் தொங்க வசதியாக, லேசாக ஆடியது.

ஜூலையில் படிவம்.
புதிய கிணறு: ஒன்று. பணி முடிந்தது.
ஊருக்குத் தண்ணீர் கிடைக்கிறதா?
ஆம்.
தணிக்கைக்காரர் ஆகஸ்டில் வருவார்,
எந்தக் கைப்பிடியை அடித்துப் பார்ப்பாரோ தெரியாது.

நேற்று அயிக்கோரு வந்து ஜெர்ரிகேனை எடுத்துப் போனாள்.
இன்று அதே இடத்தில், பேரேட்டின் மேல்,
மூடி வரை நிரப்பிக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.
அட்டை நனைந்துவிட்டது.
இந்த வரவுக்கு
ஒரு தலைப்பு தேடிக்கொண்டிருக்கிறேன்.