பட்டியலில் ஏழாவது

வால்டிவியாவில் ஜூலை என்றால் மழை.
பெய்துவிட்டுப் போகிற மழையில்லை,
குடித்தனம் வைக்கிற மழை.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை,
ஆறடிக்கு ஒன்பதடி.
ஒரே ஒரு பிளக் பாயிண்ட்;
அதையும் பிடித்துக்கொண்டு
மீன் நிரம்பிய ஃப்ரீசர் உறுமுகிறது.

நான் பல் செய்கிறவள்.
ஆய்வகத்தில் பகல் முழுக்க
முகம் தெரியாத வாய்களுக்கு
கடைவாய்ப்பல் தேய்க்கிறேன்.
ஒரு நூல் உயர்ந்தாலும்
ஆள் திரும்பி வந்துவிடுவார்.
அந்தத் திமிரில் எழுதினேன்
முதல் வரியில்:
மேசை ரம்பம்.

இரண்டு லட்சத்து எண்பதாயிரம் பெசோவோடு போனேன்.
ஆற்றோரச் சந்தையில்
கடல்சிங்கங்கள் மீன்தலைக்கு அடித்துக்கொள்ளும் இடத்துக்கு
எதிரே யஸ்னாவின் கடை.
ஓட்டிக் காட்டினாள்.
வெண்ணெய் போல வெட்டியது.
என் கை சட்டைப்பைக்குள் போனது.
அப்போது கேட்டாள்:
"எங்கே வைப்பீர்கள்?"

மனதுக்குள் அளந்தேன்.
ரம்பம் உள்ளே வந்தால் பலகை வெளியே.
பலகையும் உள்ளே வந்தால்
நான் வெளியே.

அன்று வாங்கியது
ஓர் அளவு நாடா, ஒரு கைரம்பம்,
ஒரு மூலைமட்டம்.
மூலைமட்டம் மலிவு.
கோடு போட்டேன்,
புரட்டி வைத்து மறுபடி போட்டேன்.
ஒரே புள்ளியில் கிளம்பிய இரண்டு கோடும்
பாகம் பிரிந்தவர்கள் போல
விலகி நடந்தன.
மறுநாள் கொடுத்துவிட்டு
மூன்று மடங்கு விலையில் நேரானதை வாங்கினேன்.
(உளி நான்கு கொண்ட பெட்டி என்று ஆசைப்பட்டதும் தப்பு.
முக்கால் அங்குலம் மட்டும் உழைக்கிறது.
மற்ற மூன்றும் எண்ணெய் பூசிக்கொண்டு தூங்குகின்றன.)

இந்த ஊரில் இரும்பை ஓரிரவு மறந்தால்
விடியும்போது செம்பட்டை முடி முளைத்திருக்கும்.
ஆகவே சாணைக்கல்,
ஆகவே தையல் மெஷின் எண்ணெய்,
பட்டியலில் இல்லாமலே
பட்டியலைத் தாண்டி வந்தன.

ஓர் இரவு எட்டரைக்குச் சுவரில் தட்டு.
பக்கத்து வீட்டு நினோஸ்கா.
கைக்குழந்தைக்காரி.
மன்னிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு
கதவைத் திறந்தேன்.
"ஏன் நிறுத்தினீர்கள்?
அறுக்கிற வரைக்கும் தூங்கினான்."

அப்புறம் என்ன,
அறுப்பதற்கு ஒன்றுமில்லாத இரவிலும் அறுத்தேன்.
உடைசல் பெட்டிப் பலகை, விறகுத் துண்டு,
கோடு போட்டு, கோட்டிலேயே,
கோட்டை விட்டு, மறுபடி கோட்டுக்கு.
ஒன்பது மணிக்குள் ஒரு பிள்ளை உறங்கும்;
மூன்று வாரத்துக்குள் என் வெட்டு நிமிர்ந்துவிட்டது.
எந்தக் கடையிலும் விற்காத கருவி அது.
பில் இல்லை.

முதலில் செய்தது முக்காலி.
கோழைத்தனம்தான்.
மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது.
நாலாவது கால்தான் பொய்யைக் காட்டிக்கொடுக்கும்,
ஒரு பல் மட்டும் உயர்ந்த வாயைப் போல.

பசைப் புட்டியில் எழுதியிருந்தது: பத்து டிகிரிக்குக் குறையாமல்.
கொட்டகையில் ஏழு.
கிளாம்ப் இரண்டுதான் இருந்தன;
மூன்றாவது காலை
கிழிந்த சைக்கிள் டியூபால் சுற்றி இறுக்கி,
வீட்டுக்குள் தூக்கிவந்து
விறகடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே நிறுத்தினேன்.
இரவில் ஒருமுறை இடித்துக்கொண்டேன்.
அது அசையவில்லை.
நான்தான் நொண்டினேன்.

இன்றைய பட்டியல்:
இன்னும் நான்கு கிளாம்ப். முதலில் அதுதான், சந்தேகமில்லை.
ஒரு நல்ல விளக்கு,
என் நிழலே என் கோட்டை மறைப்பதால்.
சின்ன இழைப்புளி.
நாலாவது, ஐந்தாவது இடங்கள் காலி.
எந்த வேலை எங்கே முட்டி நிற்கிறதோ
அது வந்து தன் பெயரை எழுதிக்கொள்ளட்டும்.
ஆறாவது, நினோஸ்காவின் பிள்ளைக்கு ஒரு நாற்காலி.
அது கருவி இல்லை என்று தெரியும்.
இருக்கட்டும்.

ஏழாவது, மேசை ரம்பம்.
அடித்துவிடவில்லை.

கிளாம்ப் வாங்கப் போனபோது யஸ்னா கேட்டாள்:
"ரம்பம் எப்போது?"
"மழை நிற்கட்டும்" என்றேன்.
சிரித்துவிட்டாள்.
அவளும் இந்த ஊர்க்காரிதானே.