ஒரு விரல் தாழ்வு

மாற்றுச் சக்கரத்தைப் பதினாறு வருடம்
முதுகில் சுமந்த பஜேரோவின் பின்கதவு
ஒரு விரல் தாழ்ந்துவிட்டது.
நாரின் சாலைப் புழுதியெல்லாம்
அந்த இடுக்கில்தான் ஏறி வரும்;
தயிர் வாளி மூடிமேல் பெயரே எழுதலாம்.

சினாரா சக்கரத்தைக் கழற்றினாள்.
கதவடியில் ஜாக்கி, நடுவில் கம்பளத் துண்டு.
கீல் போல்ட்டுகள் மூன்று இளகின.
நாலாவதற்கு டீசல் ஊற்றிவிட்டுத்
தேநீர் குடிக்கப் போனாள்.
திரும்பி வந்து ஒரு வசவு, இரண்டு தட்டு.

மத்தி மீன் டப்பாவில் வெட்டிய தகடு
கீலுக்கடியில் போனது.
ஜாக்கி அரைச் சுற்று.
இல்லை, இன்னும் கால்.

இரவு வந்த எர்மெக்
பழக்கத்தில் கதவைத் தூக்கி
இடுப்பால் இடிக்கப் போனான்.
அதற்குள் அது சாத்திக்கொண்டது.
திறந்தான். சாத்தினான்.
மறுபடி திறந்தான்.

"போதும்," என்றாள் ஜன்னலிலிருந்து,
"திரும்பவும் தொங்கிவிடும்."