புறங்கை

வண்டி வந்த முதல் வாரம்
நூறு நூறாகவே ஏற்றினேன்.
வயிறு முட்டத் தின்றால் பேட்டரிக்கும் ஆகாது,
எண்பதில் நிறுத்துங்க சார் என்றான்
ஷோரூம் பையன் தமிழ்வேந்தன்.
எனக்கு அந்த இருபது உறுத்திக்கொண்டே இருந்தது,
முழுக் கூலியும் கொடுத்துவிட்டு
முக்கால் தலை முடிவெட்டி வந்தது மாதிரி.

பழகிவிட்டது.
இரவு பதினொன்றுக்கு கேட்டைப் பூட்டி
மாடிப்படிக்குக் கீழே
பதினைந்து ஆம்பியர் சாக்கெட்டில் பிளக்கைச் செருகி,
பச்சை விளக்கு மூன்று முறை கண்சிமிட்டும்வரை நின்று
அப்புறம்தான் பல் விளக்கப் போவேன்.
முத்தியால்பேட்டையிலிருந்து கடலூர் மஞ்சக்குப்பம்,
போய்வர ஐம்பது கிலோமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.
முள்ளோடையில் கடலூர் வண்டிகள்
மலிவு பெட்ரோலுக்கு வரிசையில் நிற்கும்.
கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகக் கடப்பேன்.
அற்பத்தனம்தான். இருக்கட்டும்.

வீட்டுக்காரி மதலேன் மாடியில்.
தனி மீட்டர் போட்டால்தான் வண்டி நிற்கலாம் என்று
முதல் நாளே சொல்லிவிட்டாள்.
மாதக் கடைசியில் சுவரில்
பென்சிலால் யூனிட்டை எழுதுவாள்.
நான் அதைப் போனில் படம் பிடிப்பேன்.
எங்களுக்குள் அவ்வளவு நம்பிக்கை.

மார்கழியில், மழை விட்ட ஒரு விடியல்.
எண்பது இருக்க வேண்டிய இடத்தில்
ஐம்பத்தொன்று.
சுவிட்ச் அணைந்திருந்தது.
ஒயர் சுருட்டிப் படியின்மேல்,
கொசுவம் வைத்த நேர்த்தியில்.

ஐம்பத்தொன்றில் கடலூர் போய்த் திரும்பலாம்,
திரும்பியபின் பால் வாங்கவும் போகலாம்.
கணக்கு எனக்குத் தெரியும்.
கோபத்துக்குத் தெரியவில்லை.

படியேறிக் கதவைத் தட்டினேன்.
வாயில் பிரஷோடு வந்தாள்.
கரண்டுக்குக் காசு கொடுக்கிறேன்ல,
சும்மாவா எடுக்கிறேன் என்றேன்.
கொப்பளித்துவிட்டு வந்து
ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்
சாக்கெட்டைக் காட்டினாள்.
வலது துளையைச் சுற்றி
டீக்கறை போல ஒரு பழுப்பு வட்டம்.
மூக்கைக் கிட்டே கொண்டுபோனால்
எரிந்த சீப்பின் வாடை.

"அங்க அவருக்கு வேலை முடிய பத்தாகும்.
நமக்கு ரெண்டரை.
பேசி வச்சா தூக்கம் வராது.
எறங்கி வந்து உங்க பிளக்கைத் தொட்டுப் பார்ப்பேன்,
தெனமும்.
நேத்து கை வைக்க முடியல."

தினமும்.
வண்டி வந்து ஏழு மாதம்.
நான் குறட்டை விட்ட அத்தனை இரவும்
பாரீசுக்கு வெளியே ஏதோ ஓட்டல் அடுக்களையில்
ஒருவன் ஏப்ரனைக் கழற்ற,
இங்கே ஒருத்தி டார்ச்சோடு படியிறங்கி
என் பிளக்கின் நெற்றியில் புறங்கை வைத்திருக்கிறாள்,
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல.
கோடையில் ஒன்றரைக்கு, குளிரில் இரண்டரைக்கு.
கடிகாரத்தை அந்த ஊர்தான் மாற்றி வைக்கிறது,
இவள் இல்லை.

நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை.
கடலூரிலிருந்து ஏதாவது வாங்கிவரவா என்றேன்.
வேண்டாம் என்றாள்.

அன்று மாலை இருபத்தைந்தோடு திரும்பினேன்.
கிருமாம்பாக்கத்தில் ஏசியை அணைத்தேன்,
தவளக்குப்பத்தில் மறுபடி போட்டேன்.
சுண்ணாம்பாற்றுப் பாலத்தில்
எண்ணைப் பார்க்கவேயில்லை.

எலக்ட்ரீஷியன் அந்துவான் வந்து
உள்ளே தளர்ந்த திருகைக் காட்டித் திட்டினார்.
தடித்த ஒயர், புது எர்த், கனமான சாக்கெட்,
ஆக மொத்தம் ஆறாயிரத்துச் சொச்சம்.
மதலேன் பாதி கொடுத்தாள். நான் மறுக்கவில்லை.

இப்போது பிளக்கைச் செருகி
அரை மணி கழித்து நானும் ஒருமுறை போய்
புறங்கை வைத்துப் பார்க்கிறேன்.
பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும்.
புது சாக்கெட் சூடாவதே இல்லை.
அது அவளுக்கும் தெரியும்.

ஆனாலும் சில இரவு, தூக்கம் கலைந்தால்,
இறங்குகிற செருப்புச் சத்தம்.
கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.
பிறகு ஏறுகிற சத்தம்.