பத்தொன்பதாவது பிளாப்பி

களியக்காவிளையில் எங்கள் டி.டி.பி. கடை.
பாறசாலையில் அவர்கள் பிரஸ்.
நடுவே மூன்று கிலோமீட்டர், ஒரு செக்போஸ்ட்,
இரண்டு டீசல் விலை.

ஏசுவடியான் அண்ணாச்சி வாங்கியது ஜிப் டிரைவ்.
நீலப் பெட்டி. நூறு எம்.பி.
திருவனந்தபுரத்திலிருந்து மடியில் வைத்தே கொண்டுவந்தார்.
அதே மாதம் சசிதரன் முதலாளி வாங்கியது சூப்பர் டிஸ்க்.
நூற்றிருபது.
பழைய பிளாப்பியும் படிக்குமாம்.
பிளேட் கழுவ வருகிறவன்வரைக்கும் சொல்லிவிட்டார்.
அந்த இருபது
அண்ணாச்சிக்குப் பல்லிடுக்கில் மாட்டின பலாநார்.

"வேகத்தைப் பாரு பிள்ளே.
அவனுக்கது மாட்டுவண்டி."
இதை நான் அங்கே சொல்லவில்லை, எப்படியோ போயிருந்தது.
"எங்ஙோட்டா இத்ர வேகம்?" என்றார் சசிதரன்,
காலாட்டிக்கொண்டு.

அவன் தட்டு இவன் வாயில் நுழையாது.
இவன் தட்டு அவன் வாயிலும்.
பெட்டியையே தூக்கிட்டுப் போகட்டுமா என்று கேட்டேன்.
"நாம எதுக்குப் போணும்?
அவன் ஒண்ணு வாங்கி வைக்கட்டு."
அங்கேயும் அதே வாக்கியம், மலையாளத்தில்.
ஊருக்கெல்லாம் கல்யாணக் கார்டு அடிக்கிறவர்கள்,
தங்களுக்குள் சம்பந்தி முறுக்கு.

ஆகவே, நான்.

பிரிசில்லாவுக்கும் ஷைன்ராஜுக்கும் கல்யாணம்.
நாலு கலர். ஸ்டுடியோ மேகத்தில் இருவரும் மிதக்கிறார்கள்.
முப்பத்தியொரு எம்.பி.
இருபத்திமூன்று துண்டாக நறுக்கி
இருபத்திமூன்று பிளாப்பியில் ஏற்றி
எண் எழுதி, பிஸ்கட் டப்பாவில் அடுக்கினேன்.
அன்றைக்கு பஸ் ஸ்டிரைக்.

"என்ன இருக்கு?"
"கல்யாணம், சார்."
மூடியைத் திறந்து பார்த்தார்.
ரேஷன் அரிசி இல்லை, கோழி இல்லை.
ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டிவிட்டுத் திருப்பித் தந்தார்.

"கண்டோ, நம்முடெ பெட்டி எல்லாம் தின்னும்"
என்று சசிதரனே செருக ஆரம்பித்தார்.
ஐந்து. ஒன்பது. இடையில் ஒரு சாயா.
பதினேழு.
பதினெட்டு.
பத்தொன்பதில் பெட்டி கரகரத்தது,
தொண்டையில் முள் இருக்கிறவனைப்போல.
எடுத்து ஊதினேன். துப்பட்டாவில் துடைத்தேன்.
தகரக் கதவை நகத்தால் இழுத்து உள்ளே பார்த்தேன்,
பார்த்தால் தெரிகிற சங்கதியா அது.
மீதி நான்கும் டப்பாவில் நல்ல உடம்போடு.
பத்தொன்பது இல்லாமல் அவை பிளாஸ்டிக்.

வெயிலில் திரும்பி நடந்தேன்.
ஒன்றும் மோசமில்லை, மூலம் ஜிப்பில் இருக்கிறது.

கடை வாசலிலேயே கேட்டது.
டிக். டிக். டிக்.
அண்ணாச்சி பெட்டிமேல் கைவைத்து நின்றிருந்தார்.
தட்டுதான் கேடு என்று
அதை மார்த்தாண்டத்துக் கூட்டுக்காரரின் டிரைவில் போட்டுப் பார்த்தோம்.
அதுவும் டிக் என்றது.
அதற்கப்புறம் அது வேறெதுவும் சொல்லவில்லை.
அந்தக் கூட்டுக்காரர் இன்றுவரை எங்கள் கடைக்கு வந்ததில்லை.

இரண்டு ராத்திரி மறுபடி அடித்தேன்.
"சகல சுற்றமும் நட்பும் சூழ."
போட்டோவைத் திரும்ப ஸ்கேன் செய்தபோது
மாப்பிள்ளைக்கு ஒரு காது வெட்டுப்பட்டது.
கார்டு போய்ச் சேர்ந்தது நாலு நாள் முந்தி.
அதற்குள் வாயாலேயே எல்லோரையும் அழைத்துவிட்டார்கள்.
பந்தியில் பிரியாணி பத்தாமல் போனதாகக் கேள்வி.

பிறகொரு டிசம்பரில்
பாக்கி பேசித் தீர்க்க இருவரும்
செக்போஸ்ட் சாயாக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள்.
கணக்கு நோட்டு என் கையில்.
கொல்லத்து மருந்து ரெப் ஒருவன் பக்கத்து பெஞ்சில்.
கழுத்துக் கயிற்றில் சிலுவை இருக்கவேண்டிய இடத்தில்
விரல் நீளத்துக்கு ஒரு சாமான்.
எவ்வளவு கொள்ளும் என்று அண்ணாச்சி கேட்டார்.
"அறுபத்திநாலு."

அறுபத்திநாலா! என்று ஒருவர் சிரித்தார்.
அறுபத்திநாலோ! என்று மற்றவர்.
"தொலைஞ்சு போவும்."
"அதே, அதே."
"துணியோட அலக்கிருவானுவ."
"அதே."
மூன்று வருஷத்தில் முதல்தடவை
ஒருவர் தோளில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள்.
பாக்கியில் இருநூறு ரூபாய் தள்ளுபடிகூட ஆனது.

சாயாவுக்கு நான் காசு கொடுத்தேன்.
அவர்கள் எழுந்து பைக் பக்கம் போனதும்
அந்தப் பையனிடம்
மெதுவாக விலை கேட்டேன்.