கெளுத்தி முள்

ஞாயிறு மாலை, ரம்ப்லாவின் பாறைகள் மேல்
தூண்டிலிலிருந்து கழற்றும்போது
கெளுத்தி என் கட்டைவிரலில் குத்திவிட்டது.
"தினமும் மீனை நறுக்குகிறவள்தானே நீ,
கணக்கு நேராயிற்று, நேலிதா"
என்று சிரித்தான் வில்மார்.
நேராகவில்லை.
திங்கள் இரவு, விரல் விண் விண்ணென்று தெறிக்க
ஆய்வகத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.
மாத்தேக் குடுவை கதவுக்கு வெளியே ஆறுகிறது.
உள்ளே கொண்டுவரக் கூடாது.

தட்டில் மூன்று நாள் மீன்குஞ்சு.
இமைமுடியில் பாதி நீளம். கண்ணாடி உடம்பு.
ரத்தம் ஓடுவது அப்படியே தெரியும்.
மயக்க மருந்தில் தூங்கும் அதன்
வால்துடுப்பு ஓரத்தை நறுக்கினேன்.
மணி பதினொன்று பத்து.

முதலில் ஒன்றுமில்லை.
வெட்டுப்பட்ட செல்கள் கத்துவதில்லை,
கசிகின்றன.
கீமோகைன்: பாடநூலில் வைத்த பெயர்.
காயத்தருகே அடர்த்தி, தள்ளிப் போகப் போக மெலிவு,
எந்த வீட்டிலோ மீன் பொரிக்கிறார்கள் என்று
தெருமுனையிலேயே மூக்கு அறிவதுபோல.
ஆனால் வாசனையைக் காற்று கொண்டுபோய்விடும்.
இது போகாது.
நாளச் சுவரின் சர்க்கரை இழைகளைப் பற்றிக்கொண்டு நிற்கும்,
ரத்தம் எத்தனை வேகமாய் அடித்துப் போனாலும்.

அந்த வழியே சும்மா போய்க்கொண்டிருந்த
ஒரு நியூட்ரோஃபில், நாங்கள் பச்சை ஏற்றியது,
தடுமாறுகிறது.
சுவரோரம் உருள்கிறது, இழுபடுகிறது,
நின்றுவிடுகிறது.
பிறகு இடுக்கில் ஒரு காலை நுழைத்து
மீதி உடம்பெல்லாம் அந்தக் காலுக்குப் பின்னால்
பிதுங்கி வெளியே வருகிறது.

பதினொன்றரைக்கு நான்கு.
பன்னிரண்டுக்குப் பத்தொன்பது.
அப்புறம் எண்ண முடியவில்லை:
வந்தவையும் அதையே கசிகின்றன,
கூட்டம் கூட்டத்தைக் கூப்பிடுகிறது,
வால் நுனியில் எள் விழ இடமில்லை.

கையுறையைக் கழற்றிப் பார்க்கிறேன்.
சிவப்பு. சூடு. ரேகைகள் வீக்கத்தில் தொலைந்துவிட்டன.
அக்குளில் நெறி கட்டியிருக்கிறது.
எனக்குள் நடப்பது எனக்குத் தெரியவில்லை;
என் தோல் கண்ணாடி இல்லை.
இந்த வலி முள்ளுடையதா,
உதவிக்கு வந்தவர்களின் நெரிசலா?

டாக்டர் இத்தூரால்தேயின் படிவத்தில்
வந்தவை எத்தனை என்பதற்கு ஒரு கட்டம் உண்டு.
ஐந்து மணி சுமாருக்கு
ஒரு பச்சைப் புள்ளி திரும்பி நடக்கிறது.
சாகவில்லை, சீழாகவில்லை,
காயத்துக்கு முதுகு காட்டி,
வந்த வழியே, அவசரமில்லாமல்.
போதும் என்று அதற்கு யார் சொன்னார்கள்?
எழுத இடமில்லாமல்
படிவத்தின் ஓரத்தில் குறித்துவைத்தேன்:
போனது, ஒன்று.

ஜன்னலுக்கு வெளியே லா பிளாட்டா
தேநீர் நிறத்தில் விடிகிறது.
வில்மாரின் செய்தி: "விரல் பழுத்துவிட்டதா?"

இடது கையால் தட்டுகிறேன்:
"இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள்."